மிஷனரிக் குடும்பங்கள் குடியிருந்த வீடுகளுக்குள்: ஹொனலுலு மிஷன் இல்லங்களின் வழிகாட்டிச் சுற்று

ஹவாய்க்குச் செல்லும் நம்மவர்கள் கடற்கரை, எரிமலை, பேர்ள் ஹார்பர் ஆகியவற்றோடு பயணத்தை முடித்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். ஹொனலுலு நகரின் நடுவே, கிங் தெருவில், ஹவாய் அரசர்களின் இயோலானி அரண்மனையிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் இருக்கும் 'ஹவாயன் மிஷன் ஹவுசஸ்' அருங்காட்சியகத்துக்கு அவர்களில் பலர் போவதில்லை. ஒரு மரவீடும் பவளக்கல்லால் கட்டிய இரண்டு கட்டடங்களும் சிறியதொரு புல்வெளியைச் சுற்றி நிற்கும் வளாகம் அது. 1820-இல் அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களிலிருந்து வந்திறங்கிய கிறிஸ்தவ மிஷனரிக் குடும்பங்கள் இங்கேதான் சமைத்தன, தைத்தன, பிள்ளை பெற்றன, அச்சடித்தன, கணக்கு எழுதின. வழிகாட்டியுடன் வீடுகளைச் சுற்றிவரும் இந்தச் சேவைக்குக் கொடுக்கும் கட்டணம் முழுமையாகத் தகும் என்பதே என் கருத்து. அதற்கான காரணங்களைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

முதற்காரணம் எங்கள் குடும்பத்தோடு தொடர்புடையது. என் தாயார் யாழ்ப்பாணத்து உடுவில் மகளிர் கல்லூரியில் படித்தவர். அந்தப் பள்ளியை 1824-இல் பெண்களுக்கான விடுதிப் பள்ளியாகத் தொடங்கிய அமெரிக்க மிஷனும், ஹவாய்க்குக் குடும்பங்களை அனுப்பிய மிஷனும் ஒன்றே. பாஸ்டனைத் தலைமையிடமாகக் கொண்டு 1810-இல் உருவான அமெரிக்க மிஷனரிக் கழகம், 1816-இல் யாழ்ப்பாணத்தில் பணியைத் தொடங்கியது. நம் கையில் தமிழ்-ஆங்கில அகராதியாக இன்றும் இருக்கும் அக்கழகத்து மிஷனரி மிரன் வின்சுலோ, தம் மனைவி ஹாரியட்டுடன் 1819 ஜூன் மாதம் பாஸ்டனில் கப்பலேறினார். அதே ஆண்டு அக்டோபர் 23-ஆம் நாள் 'தாடியஸ்' என்ற கப்பல் அதே துறைமுகத்திலிருந்து ஹவாயை நோக்கிப் புறப்பட்டது. நான்கு மாத இடைவெளியில் ஒன்று கிழக்கே எங்கள் ஊருக்கும் மற்றொன்று தென்னமெரிக்காவின் முனையைச் சுற்றிப் பசிபிக் கடலுக்கும் சென்றிருக்கின்றன. ஆகவே அம்மாவுக்கு அந்த வீடு அந்நிய வீடாகத் தெரியவில்லை.

போய்ச்சேரும் வழியைப் பற்றி ஓர் எச்சரிக்கை. ஹொனலுலுவின் கடற்கரைப் பகுதியான வைகீகியில் நகரச் சுற்றுலா பேருந்து நடத்தும் ஒரு நிறுவனம், தன் விளம்பரத் தாளில் மிஷன் இல்லங்களின் படத்தைப் பெரிதாகப் போட்டிருந்தது. பேருந்தோ அந்த இடத்தில் நிற்காமல், வேகத்தைக் குறைத்து, ஒலிபெருக்கியில் இரண்டு வரி சொல்லிவிட்டுக் கடந்து போயிற்று. அத்தகைய சுற்றுக்குப் பணம் கொடுப்பதைவிட நகரப் பேருந்தில் ஏறி, கவாயஹாவோ தேவாலயத்தை அடையாளமாக வைத்து இறங்கிக்கொள்வதே மேல்.

சுற்று மரவீட்டில் தொடங்குகிறது. ஹவாய்த் தீவுகளில் இன்று நிற்கும் மரச்சட்ட வீடுகளில் மிகப் பழையது இதுவே. இதற்கான மரங்கள் அளவெடுத்து அறுக்கப்பட்டு, பாஸ்டனிலிருந்து கப்பலில் ஏற்றி அனுப்பப்பட்டு, 1820-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் சமயத்தில் வந்து சேர்ந்தன. 1821-இல் வீடு எழும்பி நின்றது. அதுவரை குடும்பங்கள் ஹவாயர் கொடுத்த புல்வேய்ந்த குடில்களிலேயே இருந்தன. வீட்டுக்குள் நுழைந்ததும் கண்ணில் படுவது அதன் தாழ்ந்த கூரைத்தளமும் சிறிய சன்னல்களும்தான். பனிக்காலத்தில் உள்ளேயிருக்கும் சூடு வெளியே போகாமலிருக்க வடகிழக்கு அமெரிக்கர் கட்டிய வீட்டை, ஆண்டு முழுவதும் கடற்காற்று வீசும் வெப்பத் தீவில் அப்படியே நட்டு வைத்திருக்கிறார்கள். காற்றை உள்ளே விட வேண்டிய ஊரில் காற்றை மறிக்கும் வீடு! வந்தவர்கள் தங்களைச் சுற்றி என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன்பே தங்களுக்கு என்ன வேண்டும் என்று முடிவு செய்துவிட்டிருந்தார்கள் என்பதை எந்த விளக்கப் பலகையும் இவ்வளவு தெளிவாகச் சொல்லிவிட முடியாது.

அந்தச் சிறிய அறைகளில் ஒரே சமயத்தில் பல குடும்பங்கள் நெருங்கி வாழ்ந்தன என்று வழிகாட்டி சொன்னபோது அம்மா தலையசைத்தார். கூட்டுக்குடும்பத்தில் வளர்ந்தவருக்கு அதில் வியப்பில்லை. எனக்கு வியப்பளித்தது வேறொன்று. முதற்குழுவில் வந்த ஏழு தம்பதியரில் ஆறு தம்பதியர் புதுமணமானவர்கள். திருமணமாகாத ஆண்களைத் தீவுகளுக்கு அனுப்பக் கழகம் விரும்பவில்லை என்பதால், புறப்படும் நாளுக்குச் சில வாரங்களுக்கு முன் பெண் தேடும் படலம் நடந்திருக்கிறது. குழுவின் தலைவராக விளங்கிய ஹைரம் பிங்கம், தம் குருப்பட்டத் திருநிலைப்பாட்டின்போது சந்தித்த சிபில் மோஸ்லி என்ற ஆசிரியையை 1819 அக்டோபர் 11-ஆம் நாள் மணந்து, அடுத்த பன்னிரண்டு நாள்களில் கப்பலேறினார். லூசி குடேல் என்ற பெண் அசா தர்ஸ்டனைப் பிங்கமின் திருமணத்துக்கு மறுநாள் மணந்தார். ஒருவரையொருவர் சரிவர அறியாத இளம் தம்பதியர், ஐந்து மாதங்களுக்கு மேலாக ஒரு சிறு கப்பலில் நெருக்கியடித்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். நம்மூரில் பெண்பார்த்து முடித்த திருமணங்கள்கூட இதைவிட நிதானமாகவே நடந்திருக்கும்.

அவர்கள் வந்து சேருமுன்பே தீவுகளில் பெரிய மாற்றங்கள் நிகழ்ந்துவிட்டிருந்தன. தீவுகளை ஒன்றிணைத்த முதலாம் கமேஹமேஹா 1819 மே மாதத்திலேயே இறந்திருந்தார். அவருடைய மகன் லிஹோலிஹோவும், ஆட்சியில் பங்குபெற்ற அரசி காஹுமானுவும் பழைய சமய விலக்குகளை அந்த ஆண்டின் இறுதியில் தாங்களாகவே ஒழித்துவிட்டார்கள். 1820 ஏப்ரல் 4-ஆம் நாள் ஹவாய்த் தீவின் கைலுவாவில் கப்பல் நங்கூரமிட்டது. பல நாள் ஆலோசனைக்குப் பின் அரசர் கொடுத்த அனுமதி ஓர் ஆண்டுக்கு மட்டுமே. இந்த ஓராண்டு என்ற சொல்லை மனத்தில் வைத்துக்கொண்டு மற்றக் கட்டடங்களைப் பார்க்க வேண்டும் என்று பரிந்துரைக்கிறேன். சுற்று முழுவதற்கும் அதுவே திறவுகோல். ஒப்பிட்டுச் சொன்னால், அதே 1820-இல் யாழ்ப்பாணத்து மிஷனுக்கு அச்சாளராக வந்த ஜேம்ஸ் காரெட்டை இலங்கையின் ஆங்கில ஆட்சியாளர்கள் தங்கவிடாமல் வெளியேற்றிவிட்டார்கள். ஹவாயில் முடிவெடுத்தவர் அந்நாட்டின் சொந்த அரசர். அவர் கதவைச் சாத்தவில்லை.

வீட்டுக்குள் நான் அதிக நேரம் நின்ற இடம், தையல் பொருள்கள் வைக்கப்பட்டிருந்த அறை. கப்பல் கரைசேருமுன்பே மேல்தளத்துக்கு வந்த அரச குடும்பத்துப் பெண்கள், மிஷனரி மனைவியர் அணிந்திருந்ததைப் போன்ற ஆடை தங்களுக்கும் வேண்டும் என்று துணியைக் கொடுத்துத் தைக்கச் சொன்னார்கள். மிஷனரிகளின் முதற்பணி ஓர் ஆடையைத் தைத்துக்கொடுத்ததே என்றால் மிகையாகாது. ஹவாய்ப் பெண்களின் 'ஹொலொக்கு' என்ற தளர்ந்த நீள் உடை அந்தத் தையலிலிருந்து வளர்ந்தது. அம்மா கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கி, அங்கிருந்த ஒரு சட்டையின் கைமடிப்பை வெகுநேரம் உற்றுப் பார்த்தார். நூலிழைகள் ஒரே இடைவெளியில், அரிசி முனையளவே வெளியே தெரியும்படி ஓடியிருந்தன. மடிப்பின் மூலையில் மட்டும் இரட்டை ஓட்டம். "உடுவிலிலை எங்களுக்குப் பழக்கினதும் இந்தத் தையல்தான், பிள்ளை. மூலை பிரியாமல் இருக்க இரண்டு தரம் ஓட்ட வேணும்" என்றார். வழிகாட்டி அதை ஆங்கிலத்தில் சொல்லக் கேட்டு, தம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

பிரசங்கத்தை விட்டுவிட்டு அடுக்களையையும் ஊசியையும் முன்னிறுத்துகிறார்களே என்று சிலருக்குத் தோன்றலாம். எனக்கு அதுவே இந்தச் சுற்றின் பலமாகப் பட்டது. மிஷனரிகளைப் பற்றி நாம் படிப்பதெல்லாம் ஆண்கள் எழுதிய அறிக்கைகள். பெண்கள் அந்த அறிக்கைகளில் 'துணைவியார்' என்ற ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடுகிறார்கள். இங்கே துவைத்தல், மாவு பிசைதல், பேறுகாலம், பாடம் நடத்துதல் ஆகிய அத்தனையும் ஒரே பெண்ணின் ஒரே நாளுக்குள் எப்படி நுழைந்தன என்பதைப் பொருள்களே காட்டுகின்றன. ஹைரம் பிங்கம் மனைவிக்காகத் தம் கையாலேயே செய்த ஆடும் நாற்காலியைப் பற்றியும் சொன்னார்கள். அதைக் கண்ட அரசி காஹுமானு தமக்கும் அதுபோல் ஒன்று வேண்டும் என்று கேட்டுப் பெற்றாராம்.

பிள்ளைகளைப் பற்றிய பகுதி மனத்தை அழுத்துவது. குழுவில் ஐந்து பிள்ளைகளுடன் வந்திருந்த ஒரே குடும்பம், விவசாயியான டேனியல் சேம்பர்லினுடையது. அமெரிக்கப் பாணி விவசாயம் அங்கே பெரிதாகத் தேவைப்படவில்லை. பிள்ளைகளின் வளர்ப்பைப் பற்றிய கவலையும் சேர்ந்துகொள்ள, 1823-இல் குடும்பத்தோடு திரும்பிவிட்டார். தங்கியவர்களின் நிலை இன்னும் கடினம். எந்த மக்களுக்குப் போதிக்க வந்தார்களோ அந்த மக்களின் பேச்சும் பழக்கமும் தம் பிள்ளைகளை ஒட்டிக்கொள்ளக் கூடாது என்று அஞ்சினார்கள். கைலுவாவில் லூசி தர்ஸ்டன் தம் வீட்டைச் சுற்றி மதில் எழுப்பி, பிள்ளைகள் விளையாடும் முற்றத்தையும் ஹவாயர் வந்துபோகும் முற்றத்தையும் தனித்தனியே பிரித்து வைத்தார். ஹவாய் மொழி கற்பதையும் பிள்ளைகளுக்குத் தடுத்திருந்தார். பிங்கம் தம்பதியர் தம் மகள் சோஃபியாவை 1828-இல், எட்டு வயதில், கப்பலேற்றி அமெரிக்காவுக்கு அனுப்பிவிட்டார்கள். இப்படிப் பல வீடுகளில் பிள்ளைகள் அனுப்பப்பட்டார்கள். அந்தப் பிரிவைத் தாங்க முடியாத பெற்றோரின் வற்புறுத்தலால்தான் 1841-இல் புனஹோ பள்ளி தொடங்கியது. உடுவிலில் தமிழ்ப் பிள்ளைகளுக்காகப் பள்ளி கட்டிய அதே கழகத்தார், இங்கே தம் பிள்ளைகளை ஊர்ப்பிள்ளைகளிடமிருந்து விலக்கி வைக்கப் பள்ளி கட்டினார்கள் என்பது எனக்கு உறுத்தியது. அம்மாவுக்கு உறுத்தவில்லை. "எந்தத் தாய் எட்டு வயசுப் பிள்ளையைக் கப்பலிலை விடுவாள்? பள்ளிக்கூடம் கட்டினது நல்லதுதான்" என்று முடித்துவிட்டார்.

இரண்டாவது கட்டடம் 1831-இல் எழுந்த சேம்பர்லின் இல்லம். மேலே சொன்ன விவசாயிக்கு உரியதன்று. 1823-இல் வந்து, மிஷனின் உலகியல் காரியங்களைக் கவனித்த லெவி சேம்பர்லினின் வீடு. மரவீட்டில் கற்ற பாடம் இதில் தெரிகிறது: தீவுகளுக்கே உரிய பவளப்பாறையில் தடித்த சுவர் எழுப்பியிருக்கிறார்கள், உள்ளே குளிர்ச்சி. சுவரை அருகில் சென்று பார்த்தால், கல்லின் மேற்பரப்பில் பவளத்தின் நுண்துளைகளும் விசிறி போன்ற வரிகளும் அப்படியே தெரிகின்றன. "இது எங்கடை நெடுந்தீவுக் கல்லெல்லோ" என்றார் அம்மா. நெடுந்தீவில் வேலிகளையே பவளக்கல்லை அடுக்கிக் கட்டியிருப்பதை அறிந்தவர்களுக்கு இந்தச் சுவர் நெருக்கமாகத் தோன்றும்.

இந்த வீடு குடும்பம் வாழும் இடமாகவும் தீவுகளிலுள்ள மிஷன் நிலையங்கள் அனைத்துக்கும் சரக்கறையாகவும் இருந்தது. தொடக்க காலத்தில் மிஷனரிகளுக்குத் தனிச் சம்பளம் இல்லை. பாஸ்டனிலிருந்து வந்த மாவு, துணி, ஆணி, காகிதம், காலணி எல்லாம் பொதுச் சரக்காக இங்கே இறங்கி, எந்தக் குடும்பத்தில் எத்தனை வாய் என்று பார்த்துப் பங்கிடப்பட்டன. லெவி சேம்பர்லின் எழுதிய கணக்குகளைப் பற்றிக் கேட்கும்போது எனக்கு நம்மூர்க் கூட்டுறவுப் பண்டகசாலையின் நினைவு வந்தது. எல்லோருக்கும் கிடைக்கும், எவருக்கும் போதாது.

வரலாற்றில் ஆர்வமுள்ளவர்கள் இந்தச் சரக்கறையில் நின்று சற்று யோசிக்க வேண்டும். சரக்கறைப் பொறுப்பில் பின்னர் இருந்த சாமுவேல் காஸிலும் ஏமஸ் குக்கும் 1851-இல் மிஷன் பணியிலிருந்து விலகி, 'காஸில் அண்ட் குக்' என்ற வணிக நிறுவனத்தைத் தொடங்கினார்கள். பிற்காலத்தில் ஹவாயின் கரும்புத் தொழிலையும் அதன் வழியே அரசியலையும் கையில் வைத்திருந்த ஐந்து பெரிய நிறுவனங்களில் அது ஒன்றாயிற்று. 1840-களின் இறுதியில் பாஸ்டன் கழகம் செலவைக் குறைக்க எண்ணி, மிஷனரிகள் தீவுகளிலேயே நிலம் வாங்கி, குடியுரிமை பெற்று, தம் காலிலேயே நிற்கும்படி ஊக்கியது. 1848-இல் நிலப் பங்கீடு வந்தது. 1850-இல் அந்நியரும் நிலம் வாங்கலாம் என்ற சட்டம் வந்தது. பிள்ளைகளை இனிக் கப்பலில் அனுப்ப வேண்டாம் என்ற பெற்றோரின் ஏக்கமும், பாஸ்டனின் சிக்கனமும், புதிய நிலச் சட்டமும் ஒரே சமயத்தில் கூடியதால், ஓராண்டுக்கு வந்த விருந்தாளிகள் நிலவுடைமையாளர்கள் ஆனார்கள். தீய எண்ணத்தோடு எவரும் திட்டம் தீட்டத் தேவையிருக்கவில்லை.

மூன்றாவது, 1841-இல் கட்டிய, இப்போது அச்சகமாகக் காட்டப்படும் கட்டடம். அதற்கு வெகுகாலம் முன்பே, 1822 ஜனவரி 7-ஆம் நாள், எலிஷா லூமிஸ் என்ற இளம் அச்சாளர் கொண்டுவந்த பொறியில் ஹவாய் மொழியின் முதற்பக்கம் அச்சாயிற்று. முதல் தாளுக்கு நெம்புகோலை இழுத்தவர் கேயாமோகு என்ற ஹவாய்த் தலைவர். அக்காலப் பொறியைப் போன்றே செய்த ஒன்றில் வழிகாட்டி எங்கள் முன் ஒரு தாளை அச்சிட்டுக் காட்டினார். தோலுருண்டையில் மையைத் தொட்டு எழுத்துகளின்மேல் ஒற்றி ஒற்றி எடுக்கும் ஓசையும், நெம்புகோலை உடலெல்லாம் சாய்த்து இழுக்கும் உழைப்பும் சிறுவர்களுக்கு மிகவும் பிடித்துவிட்டன. 1826-இல் எழுத்துகளைப் பன்னிரண்டாகச் சுருக்கினார்கள்: ஐந்து உயிர், ஏழு மெய். 1839-இல் விவிலியம் முழுவதும் ஹவாய் மொழியில் வெளியாயிற்று. ஹவாயர் எழுத்தறிவை வேகமாகத் தமதாக்கிக்கொண்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டில் தம் மொழியிலேயே பல நாளிதழ்களையும் வார இதழ்களையும் நடத்தினார்கள். தமிழ் அச்சின் தொடக்கத்திலும் மிஷனரிகளின் பங்கை அறிந்த நமக்கு இந்த அறை எளிதில் புரியும்.

1893-இன் கதையை இந்தச் சுற்றில் முழுமையாக எதிர்பார்க்க வேண்டியதில்லை. அது அரண்மனைக்கு உரிய கதை. அவ்வாண்டு ஜனவரி 17-ஆம் நாள் லிலியுகலானி அரசியை ஆட்சியிலிருந்து இறக்கிய கூட்டத்தில் முன்னின்ற லோரின் தர்ஸ்டன், லூசி தர்ஸ்டனின் பேரன். பின்னர் ஹவாய்க் குடியரசின் தலைவரான சான்ஃபர்ட் டோல், புனஹோவின் முதல் தலைமையாசிரியருடைய மகன். 1896-இல் அவர்களின் அரசு, பள்ளிகளில் ஆங்கிலத்தையே பயிற்றுமொழியாக்கியது. பாட்டனார் எழுத்து வகுத்துக்கொடுத்த மொழியைப் பேரன்மார் பள்ளியிலிருந்து வெளியேற்றினார்கள். அருங்காட்சியகத்தின் வேர், மிஷனரிகளின் வழித்தோன்றல்கள் 1852-இல் அமைத்துக்கொண்ட சங்கத்தில் இருக்கிறது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு கேட்பது நல்லது. அதே வேளையில், ஹவாய்த் தலைவர்கள் தம் மொழியில் எழுதிய கடிதங்களைக் காப்பகத்தில் பாதுகாத்து, படியெடுத்து, இணையத்தில் எல்லோரும் படிக்கத் திறந்து வைத்திருப்பதும் இவர்களே. நான் கேட்ட சங்கடமான கேள்வி எதையும் வழிகாட்டி தட்டிக்கழிக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

சுற்று முடிந்ததும் பக்கத்திலுள்ள கவாயஹாவோ தேவாலயத்தையும் மிஷனரிகளின் கல்லறைகளையும் பார்க்கலாம். 1842-இல் முடிந்த அந்தத் தேவாலயத்துக்காக ஏறத்தாழ 14,000 பவளப் பாளங்களை ஹவாயர் கடலில் மூழ்கிக் கையாலேயே வெட்டியெடுத்தார்கள். அதை வடிவமைத்த பிங்கம், மனைவியின் உடல்நலக் குறைவால் 1840-இலேயே அமெரிக்கா திரும்பிவிட்டார். கழகம் அவரை மீண்டும் அனுப்பவில்லை. கல்லறைகளில் குழந்தைகளுடையவை பல. அங்கே நாங்கள் அதிகம் பேசவில்லை.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். திறந்திருக்கும் நாள்களும் சுற்று தொடங்கும் நேரமும் மாறக்கூடும் என்பதால் முன்கூட்டியே இணையத்தில் பார்த்துப் பதிவு செய்துகொள்ளுங்கள். மரவீட்டின் படிகள் குறுகலும் செங்குத்துமானவை. முழங்கால் வலியுள்ளவர்கள் கீழ்த்தளத்தோடு நிறுத்திக்கொண்டாலும் இழப்பு பெரிதில்லை, அம்மாவும் அப்படித்தான் செய்தார். பள்ளி செல்லும் வயதுப் பிள்ளைகளுக்கு அச்சகம் பிடிக்கும். மிகச் சிறியவர்களுக்குப் பொறுமை இருக்காது. காலையில் இங்கே வந்து, மதிய உணவுக்குப் பின் இயோலானி அரண்மனைக்குச் செல்வது சரியான வரிசை. அரண்மனையை முதலில் பார்த்துவிட்டால் கோபத்தோடு இந்த வீட்டுக்குள் நுழைவீர்கள். ஊசியையும் நாற்காலியையும் நின்று பார்க்க மனம் வராது. புத்தகக் கடையில் ஹவாய் மொழிப் பாடநூல்களையும் தேடிப் பாருங்கள். என் தாயார் அங்கே வாங்கியது ஒரு தையல் ஊசிப் பெட்டி.